மடிப்பில் நின்ற புளி

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் புளிக்காய்ச்சலும் வத்தக்குழம்பு விழுதும் பாட்டிலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. நிர்மலாதேவி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் அவளுக்குக் கொடுத்த வேலை மெத்தை பிழிவது.

மெத்தை என்பது அங்கே வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர். ஒரு டன் புளி விழுது அடைத்த பெரிய பிளாஸ்டிக் பை, இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து லாரியில் வரும். இலவம்பஞ்சு மெத்தையை மடித்துத் திணித்த மாதிரி இருக்கும். பெட்டியின் அடியில் ஒரு பக்கமாகக் குழாய் வாய். அதில் ஹோஸை மாட்டி பம்பைப் போட்டால் விழுது கொப்பரைக்குப் போய்விடும். முக்கால் பங்கு தானாகப் போகும். மிச்சத்துக்குத்தான் ஆள் வேண்டும். புளி விழுது தண்ணீர் மாதிரி ஓடாது. பை தளரத் தளர மடிப்பு மடிப்பாக விழும். ஒவ்வொரு மடிப்பிலும் புளி போய்ப் பதுங்கிக்கொள்ளும். மூலைகளைத் தூக்கி, மடிப்பை நீவி, பாயைச் சுருட்டுவதுபோலப் பின்னாலிருந்து குழாய்ப் பக்கமாகச் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். மார்கழிக் குளிரில் விழுது இறுகிப்போனால் தோள்பட்டை கழன்றுவிடும்.

நிர்மலாதேவிக்கு வைத்திக்குப்பம். கணவன் பஞ்சநாதன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். அவளும் வெகுகாலம் மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவள்தான். கழுத்து எலும்பு தேய்ந்துபோச்சு, இனிமேல் தலையில் பாரம் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு கம்பெனிக்கு வந்தாள். கூடையைப் பிடித்துப் பழகிய கைக்கு மெத்தை சீக்கிரமே வசப்பட்டது. இரண்டு பேர் செய்துகொண்டிருந்ததை அவள் ஒருத்தியே செய்தாள். அவள் லீவு போடும் நாளில் மட்டும் கரீமா பார்த்துக்கொள்வாள். கரீமா முத்தியால்பேட்டைப் பெண், பாட்டில் கழுவும் இடத்தில் வேலை.

பிழிந்து முடித்த பையைப் பின்பக்கம் கொண்டுபோய் அறுத்து, அலசி, பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவருக்குப் போடுவார்கள். அறுக்கும்போது உள்ளே கொஞ்சம் ஒட்டியிருக்கும். தண்ணீர் அடித்தால் அது சாக்கடைக்குப் போகும். சேர்ந்த புதிதில் அதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. சூப்பர்வைசர் சந்திரமோகனிடம் கேட்டாள்.

"சார், இதுல ஒட்டினு இருக்கறத நான் வழிச்சு எடுத்துக்கட்டுமா?"

"ஒட்டினு இருக்கறதத்தான? எடுத்துக்கோ. சாக்கடைக்குப் போறதுக்கு உன் ஊட்டுக்குப் போவட்டும்" என்றார் அவர்.

அன்று சின்னத் தூக்கில் கால்வாசிகூட இல்லாத புளியோடு வீட்டுக்குப் போனாள். நல்ல புளி அது. கொட்டை, கோது எதுவும் கிடையாது. கையில் தொட்டால் மெழுகு மாதிரி இருக்கும். அதில் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் பஞ்சநாதன் இன்னொரு முறை சோறு கேட்டான். பக்கத்து வீட்டுக்காரி வாசனை பிடித்து வந்தாள். அவளுக்கு ஒரு கரண்டி. மறுவாரம் எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம்.

நிர்மலாதேவி அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து போய்க் கேட்கிறவளாகவே இருந்தவள். உப்பு, தீப்பெட்டி, மழைக்காலத்தில் அரிசி என்று எதையாவது பாத்திரத்தோடு போய் யார் வாசலிலாவது நின்றிருக்கிறாள். கொடுத்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அந்த நிற்கிற நேரம் அவளுக்குப் பிடிக்காது. இப்போது பாத்திரத்தோடு அவள் வாசலில் வந்து நின்றார்கள். "நிர்மலா, கொஞ்சம் புளி இருக்குதா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தூக்கு போதவில்லை. அப்போதுதான் அவள் கை வேறொரு வேலையைக் கற்றுக்கொண்டது. குழாய்க்கு எதிர்ப்பக்க மூலையில் பையின் காதை, துருத்தி நிற்கும் அந்த நுனியை, உள்பக்கமாகத் திருப்பி, அதன்மேல் ஒரு மடிப்பைப் போட்டுச் சுருட்டினால், அந்த மடிப்புக்குள் விழுது அப்படியே நின்றுவிடும். மேலே பார்த்தால் பை சப்பையாக, பிழிந்து முடித்த மாதிரியே இருக்கும். பின்பக்கம் கொண்டுபோய் அறுத்தால் ஒரு வாளி கிடைக்கும். முதல் தடவை கை தவறி விழுந்த மடிப்பு என்றே நினைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை அப்படி நினைக்க முடியவில்லை. அதன் பிறகு நினைப்பதையே விட்டுவிட்டாள். எடுத்துக்கோ என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். ஒட்டியிருப்பதைத்தான் அவள் எடுக்கிறாள். எவ்வளவு ஒட்டும் என்பது மட்டும் அவள் கையில் இருந்தது.

அந்த வருஷம் ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கருவாட்டுக் குழம்புக்கு வேண்டிய புளி முழுவதையும் நிர்மலாதேவி கொடுத்தாள். மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். "குழம்புக்குப் புளி உபயம், பஞ்சநாதன் மனைவி நிர்மலாதேவி." கூட்டத்தில் நின்றிருந்த அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மகள் சங்கவி பக்கத்தில் நின்று அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். கம்பெனியில் வீணாகப் போவதை அம்மா சொல்லிவிட்டு எடுத்து வருகிறாள் என்றுதான் சங்கவிக்குத் தெரியும். அது முன்பு ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது.

கம்பெனி முதலாளி ஹரிகிருஷ்ணனின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். ஹரிகிருஷ்ணனும் பிரான்சில் ஒரு ஜாம் ஃபேக்டரியில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். பிரெஞ்சு மரியாதைப்படி எல்லோருக்கும் அவர் முசே. ஒரு நாள் அவர் பின்பக்கம் வந்தபோது, நிர்மலாதேவி சாப்பிடப் போயிருந்தாள். பிழிந்த பை ஒன்று இன்னும் அறுக்காமல் கிடந்தது. ஓரமாகத் தள்ளலாம் என்று காலால் நகர்த்தினார். நகரவில்லை. ஆளைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்.

அவள் திரும்பி வந்தபோது முசே அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"நிர்மலா, இவ்ளோ புளி உள்ளயே நின்னு போவுது பாருங்க" என்றார்.

அவள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இது உங்க தப்பு இல்ல. கையால செஞ்சா இவ்ளோதான் முடியும். அங்க எல்லாம் இதுக்கு மெஷின் வெச்சிருப்பாங்க. நாமளும் ஏதாவது பண்ணணும்."

அவர் போன பிறகும் அவள் அந்தப் பையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். உங்க தப்பு இல்ல என்றது காதிலேயே இருந்தது. அன்று அந்தப் பையில் இருந்த புளியை அவள் தொடவில்லை. ஆனால் இரண்டு மூன்று நாளில் எதிர்வீட்டில் மகளுக்கு வளைகாப்பு என்று வந்து கேட்டார்கள். மறுபடியும் மடிப்புப் போட்டாள்.

மெஷின் விஷயத்தை வீட்டில் வாய்தவறிச் சொன்னது அவளேதான். சங்கவி லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் கடைசி வருஷம், மெக்கானிக்கல். அவளும் கூடப் படிக்கும் இரண்டு பெண்களும் பிராஜெக்ட் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள்.

"அம்மா, நாங்க பண்றோமே" என்றாள் சங்கவி. "பையோட தலைய ரெண்டு பட்டைக்கு நடுவுல புடிச்சி மேல ஒரு பைப்புல சுத்தினா போதும். டூத்பேஸ்ட்ட அடியிலேர்ந்து சுருட்டுற மாதிரி. இது மேலேர்ந்து. எல்லாம் கீழ குழாய்க்கு வந்துடும்."

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க செய்யற வேல பாப்பா."

"எங்க சார் ஒத்துக்குவாரு. நீ முசேகிட்ட மட்டும் ஒரு வார்த்த கேளு."

மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் கண்டுபிடிப்பது? கேட்டாள். முசே சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். "உங்க பொண்ணா" என்று இரண்டு தடவை கேட்டார்.

பையைச் சுருட்டும் அந்த ஸ்டாண்டைச் செய்வதற்கு முன்னால், இப்போது கையால் பிழிந்தால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டுமாம். அப்போதுதான் பின்னால் எவ்வளவு மிச்சமாகிறது என்று காட்ட முடியும். சங்கவியும் தோழிகளும் எடை போடும் தராசோடு ஒரு காலையில் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். சந்திரமோகனும் வந்து நின்றார்.

"நீ எப்பவும் எடுக்கற மாதிரியே எடும்மா" என்றாள் சங்கவி. "எங்களுக்காக வேற மாதிரி எதுவும் பண்ணாத."

நிர்மலாதேவி பையின் மூலையைத் தூக்கினாள். சுத்தமாகப் பிழிந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சுத்தமாகப் பிழிந்தால் ஒரு தூக்குகூடத் தேறாது. அப்புறம் முசே அன்றைக்குப் பார்த்தது என்ன என்று யாராவது கேட்பார்கள். அதோடு, கையாலேயே சுத்தமாக வருகிறது என்றால் இந்தப் பெண்களின் ஸ்டாண்டு எதற்கு? பிராஜெக்டே போய்விடும். மகளுக்காகத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டது பொய் என்பதும் அப்போதே தெரிந்தது. எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து, பையின் காதைத் திருப்பி, மடிப்பைப் போட்டாள். மகள் தராசைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பைகளை அப்படிப் பிழிந்து காட்டினாள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு மிஞ்சியது. "இவ்ளோ வேஸ்ட் ஆவுதா" என்று தோழி ஒருத்தி வாயைப் பிளந்தாள். சந்திரமோகன் தலையை ஆட்டிக்கொண்டார்.

பொங்கலுக்குப் பிறகு ஸ்டாண்டு வந்தது. நான்கு கால், மேலே ஒரு உருண்டைப் பைப்பு, அதைச் சுற்றக் கைப்பிடி. முத்தியால்பேட்டையில் ஒரு வெல்டிங் கடையில் அந்தப் பெண்களே நின்று செய்துகொண்டது. பம்பு பெரும்பங்கை இழுத்து முடித்ததும், பையின் தலையைப் பட்டையில் கவ்வவிட்டு சங்கவி கைப்பிடியைச் சுற்றினாள். பை மெல்ல மேலே எழுந்து சுருண்டது. விழுது வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. அறுத்துப் பார்த்தபோது ஓரத்தில் கொஞ்சம்தான் இருந்தது. பழைய அளவோடு வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம்.

முசே மூன்று பெண்களுக்கும் கை கொடுத்தார். "பிராவோ" என்றார். எல்லோருக்கும் சமோசாவும் டீயும் வரவழைத்தார். சங்கவி புளிக் கையைத் துடைக்காமலே ஓடிவந்து, "பாத்தியாம்மா" என்றாள். நிர்மலாதேவி சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பாட்டில் கழுவும் இடத்திலிருந்து கரீமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் சந்தித்ததும் கரீமா திரும்பிக்கொண்டாள்.

ஸ்டாண்டைக் காலேஜில் காட்டுவதற்காகச் சில நாள் எடுத்துப்போனார்கள். அந்தச் சமயம் பஞ்சநாதனுக்கு ஜுரம் கண்டு நிர்மலாதேவி வீட்டில் நின்றுவிட்டாள். மெத்தை கரீமாவிடம் வந்தது. காலேஜ் வாத்தியார் இன்னும் இரண்டு பைகள் கையால் பிழிந்த கணக்கு வேண்டும் என்று கேட்டிருந்ததால், சங்கவி கம்பெனிக்குப் போய்க் கரீமா பிழிந்ததை எடை போட்டாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றி வைக்கவில்லை. நிர்மலாதேவி அடுப்பங்கரையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு புரியல. கரீமாக்கா உன் அளவுக்குப் பழக்கம் இல்லாதவங்க. அவங்க எடுத்தா கொஞ்சூண்டுதான் மிஞ்சுது. ரெண்டு பையிலயும். எங்க ஸ்டாண்டுலகூட அதவிட ரொம்பக் கம்மி இல்ல."

"வெயில் வந்துடுச்சில்ல. புளி எளகியிருக்கும்."

"வெயில் நீ எடுத்த அன்னிக்கும்தான் அடிச்சுது."

நிர்மலாதேவி கஞ்சியைப் பார்த்துக்கொண்டே ஆற்றினாள். சங்கவியின் பார்வை அம்மாவைத் தாண்டி மேடைக்குக் கீழே போனது. அங்கே எவர்சில்வர் குடம் இருந்தது. பக்கத்தில் இரண்டு வாளி. தட்டுப் போட்டு மூடியிருந்தது. அந்த வீட்டில் எப்போதும் இருக்கிற பாத்திரங்கள்தான். இத்தனை நாள் அவளே அதிலிருந்து அக்கம்பக்கத்தாருக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறாள்.

"ஒட்டினத எடுத்தா இவ்ளோ வராது" என்றாள் சங்கவி மெதுவாக.

உள்ளே பஞ்சநாதன் இருமினான். நிர்மலாதேவி கஞ்சியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வை எதுவும் இல்லை.

"எங்க முன்னாடியும் அப்படித்தான் செஞ்சியா? நான் அங்க நிக்கும்போது?"

"ஆமா."

சங்கவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நிர்மலாதேவிக்குத் தோன்றியது. சங்கவி தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். திரும்பி நின்றுகொண்டே சொன்னாள்.

"நாளைக்கு காலேஜ் சார்கிட்ட கணக்கெல்லாம் மாத்திக் குடுக்கணும். ஏன் மாறுச்சின்னு கேப்பாரு. கூட இருக்கற ரெண்டு பேரும் கேப்பாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பஞ்சநாதனுக்கு விஷயம் தெரிந்ததும், "புளிதான, தங்கமா எடுத்தா" என்று சொல்லிப் பார்த்தான். மகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தான்.

மறுநாள் காலை, சங்கவி கிளம்புவதற்கு முன்பே நிர்மலாதேவி கிளம்பிவிட்டாள். புளிக் குடத்தின் வாயை அப்படியே துணியால் கட்டி, டெம்போவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். மீன் கூடையோடு ஏறிய காலத்தில்கூட அவள் அப்படிக் கூனிக்குறுகி உட்கார்ந்ததில்லை. முசே வந்ததும் அவர் அறைக்குள் போய்க் குடத்தைத் தரையில் வைத்தாள்.

"இன்னா இது?"

"முசே, மெத்தையில நின்ன புளி தானா நிக்கல. நான் நிக்க வெச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் முதலிலிருந்து சொன்னாள். சூப்பர்வைசரிடம் கேட்டது, தூக்கு, வாளி, மடிப்பு, மகள் எதிரிலேயே செய்தது. சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. தலை மட்டும் நிமிரவில்லை. "எம்பொண்ணுக்கு இது தெரியாது. அது செஞ்சதுல பொய் எதுவும் கெடையாது. பொய்யெல்லாம் என்னுது" என்று முடித்தாள்.

ஹரிகிருஷ்ணன் குனிந்து குடத்தின் துணியை விலக்கிப் பார்த்தார்.

"வித்தீங்களா?"

"இல்ல. தெருவுல கேட்டவங்களுக்குக் குடுத்தேன். கோயிலுக்குக் குடுத்தேன்."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே நிர்மலா."

அவள் வாயைத் திறந்தாள். கேட்டு நிற்கப் பிடிக்காமல்தான் என்று சொல்ல வந்தது. சொன்னால் அதற்கும் அவர் இரக்கப்படுவார் என்று பயந்து விழுங்கிக்கொண்டாள்.

வேலையை விட்டு அவர் நிறுத்தவில்லை. இனிமேல் பின்பக்கம் எதையும் வழித்து எடுக்கக் கூடாது, பை அறுக்கும்போது கூட ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்ல அவரே சங்கடப்பட்டார். குடம் இரண்டு நாள் அந்த அறை மூலையிலேயே இருந்தது. அப்புறம் வாட்ச்மேன் எடுத்துப்போனான் என்றார்கள்.

மதியத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. சந்திரமோகன் வந்து எல்லோர் எதிரிலும் பேசினார். "எடுத்துக்கோன்னு நான் சொன்னது ஒட்டினு இருக்கறத. நீ ஒட்ட வெச்சி எடுத்திருக்க. நாளைக்கு முசே என்னத்தான கேப்பாரு? சந்திரமோகன் பர்மிஷன் குடுத்தான்னுதான பேச்சு வரும்?" அவர் சொன்னதில் தப்பில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கரீமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா" என்றாள். "ஒரு நாள் நீங்க வராதப்ப பை அறுத்தேன். நீங்க எடுக்கற அளவுல பாதிகூட இல்ல. அப்பதான் புரிஞ்சிது. நோம்புக்கு நீங்க குடுத்த புளியில எங்க ஊட்ல சமைச்சிட்டோம். அதுக்கப்புறம் சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சு."

"நீ அப்புறம் வாங்கல இல்ல. வேணாம்னு சொன்னே. நான் மொறச்சிக்கினேன்."

"ஆமாக்கா."

இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். தன்னால் ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டி வந்தது என்பது இத்தனை நாள் நிர்மலாதேவிக்குத் தோன்றியதே இல்லை.

சங்கவி வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிக் கணக்கைத் திருத்தினாள். அம்மா செய்தது என்று சொன்னாளா, வேறு ஏதாவது சொன்னாளா என்று நிர்மலாதேவி கேட்கவில்லை. தோழி ஒருத்தி சங்கவியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. வீட்டில் சங்கவி தேவைக்குப் பேசினாள். தண்ணி வந்துடுச்சா, சாவி எங்க, நாளைக்கு லேட்டாகும். அவ்வளவுதான்.

திருத்திய கணக்கில் ஸ்டாண்டு பெரிய சாதனையாக இல்லை. கரீமா கையால் பிழிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது, அவ்வளவே. தோள் வலியாவது இல்லாமல் போகும் என்று முசே அதை வைத்துக்கொண்டார். ஆனால் சங்கவிக்கு அது போதவில்லை. பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் மறுபடி கம்பெனிக்கு வந்து ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழுது நின்றது. குழாய்க்கு எதிர்ப்பக்க மூலை. பட்டையை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள். மெதுவாகச் சுற்றினாள். அறுத்தால் அதே மூலையில் அதே புளி.

நிர்மலாதேவி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பை மேலே எழும்போது அந்தக் காது தானாக உள்ளே திரும்புவது அவளுக்குத் தெரிந்தது. அவள் கையால் செய்ததை இப்போது ஸ்டாண்டு செய்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் அவளுடைய திருட்டைச் செய்து காட்ட வேண்டும். கரீமா நின்றாள், சந்திரமோகன் நின்றார், பாட்டில் அடுக்கும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சங்கவி கைப்பிடியை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தாள். அம்மா பக்கம் திரும்பினாள். அத்தனை நாளில் முதல் தடவையாக நேராக முகத்தைப் பார்த்தாள்.

"நீ எங்கம்மா மடிப்ப போடுவ? காட்டு."

நிர்மலாதேவி பெட்டிக்குப் பின்பக்கம் போனாள். குனிந்து பையின் காதைப் பிடித்தாள். கை கூசியது. மேலே பைப்பு சுற்றும்போது இந்தக் காது எப்படி உள்ளே மடங்குகிறது, அதன்மேல் எப்படி மடிப்பு விழுகிறது, எவ்வளவு பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். அவள் கை பழகின கை. தடுமாறவே இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த சந்திரமோகன் மெல்ல, "இவ்ளோ நைஸா" என்றார். திட்டவில்லை, வியந்துதான் சொன்னார்.

"இப்ப இது மடங்காம இருக்கணும்னா?" என்று கேட்டாள் சங்கவி.

"வெளிய இழுத்துப் புடிச்சிக்கணும். ரெண்டு பக்கமும். விடாம."

சங்கவி பெட்டியின் விளிம்பைப் பார்த்தாள். இரண்டு மூலையிலும் பையின் காதைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்துக் கட்டும் மாதிரி பட்டை வார் போட்டால் போதும் என்று சொன்னாள். அன்றைக்குக் கயிற்றைக் கட்டியே பார்த்தார்கள். ஒரு பக்கம் நிர்மலாதேவியும் மறுபக்கம் கரீமாவும் காதைப் பிடித்து இழுத்துக் கட்டினார்கள். சங்கவி சுற்றினாள். அறுத்த பையைச் சந்திரமோகன் விரித்துப் பிடித்துப் பார்த்தார். விரலால் வழித்தால் விரலில் ஒட்டுகிற அளவுதான் இருந்தது.

அன்று சங்கவி அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். வீட்டு வாசலில் இறங்கியபோது, "நாளைக்கு வார் வாங்கப் போவணும், நீயும் வரியா? எவ்ளோ நீளம் வேணும்னு உனக்குத்தான் தெரியும்" என்று கேட்டாள் சங்கவி. நிர்மலாதேவி சரி என்றாள்.

தெருவில் அவளே ஒவ்வொருவரிடமும் சொன்னாள். இனிமே புளி இல்லை, அது எடுக்கக் கூடாத புளி என்று. சிலர் புரியாத மாதிரி இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி, "எங்க வயித்துக்குள்ள போனத இப்ப இன்னா பண்றது நிர்மலா" என்று கேட்டாள். கோபமா வருத்தமா தெரியவில்லை. அடுத்த ஆடி மாதம் கோயில்காரர்கள் வந்தபோது நிர்மலாதேவி உள்ளேயே இருந்துகொண்டாள். பஞ்சநாதன் வாசலில் நின்று பேசி அனுப்பினான்.

சங்கவியை முசே தன் கம்பெனிக்கே கூப்பிட்டார். அவள் யோசித்துவிட்டு சேதராப்பட்டில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். காரணம் கேட்டபோது, பெரிய மெஷின்கள் இருக்கின்றன, கற்றுக்கொள்ளலாம் என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம். நிர்மலாதேவி அதற்கு மேல் கேட்கவில்லை.

சென்ற மாதம் கம்பெனியின் புளிக்காய்ச்சலை வாங்கும் ஆள் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். முசே அவருக்கு ஸ்டாண்டை ஓட்டிக் காட்டினார். வந்தவருக்கு மூலையில் கட்டியிருந்த வார் மிகவும் பிடித்துப்போனது. தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இதை யார் கண்டுபிடித்தது என்று பிரெஞ்சில் கேட்டார். ஹரிகிருஷ்ணன் ஒரு கணம் தயங்கினார். பிறகு நிர்மலாதேவியைக் கைகாட்டினார்.

வெளிநாட்டுக்காரர் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ சொன்னார். அவள் கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு புடவையில் துடைத்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். முசே அதைத் திருத்தவில்லை. கரீமா பம்பைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் பேச்சு நின்றது.